‘அப்பா நித்திரை’ என்று சொன்ன ஒன்பது நாட்கள்

கீழ்வீட்டுக்கு அயர்லாந்துப் பிள்ளைகள் நான்கு பேர் குடிவந்தபோது, முதல் கிழமையே சண்டைக்குப் போனவள் நான்தான். யூலை முதலாம் தேதி. மொன்றியல் முழுக்க வீடு மாறுகிற நாள். எங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸ் தெருவில் கட்டில்களும் குளிர்சாதனப் பெட்டிகளும் நடைபாதையில் நின்றன. அவர்கள் மட்டும் கட்டில் இல்லாமல் மூன்று ஸ்பீக்கர், ஒரு ட்ரம் செட், இரண்டு கிட்டாரோடு வந்து இறங்கினார்கள். யன்னலால் பார்த்தபோதே, இனி நிம்மதி இல்லை என்று நினைத்தேன்.

நான் பகல் முழுக்க garderie என்கிற பிள்ளை பராமரிப்பு நிலையத்தில், முப்பது சின்னப் பிள்ளைகளின் அழுகைக்கு நடுவில் நிற்கிறவள். வீட்டுக்கு வந்தால் ஒரு சத்தமும் வேண்டாம். ஐந்தாம் நாள் கீழே போய்க் கதவைத் தட்டி, பிரெஞ்சில் ஒரு பாட்டம் ஏசினேன். கதவைத் திறந்தது அவர்களில் பாட்டுப் பாடுகிற பெண். எனக்கு முன்னால் நின்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டாள். ஏசப் போன வீட்டில் பால் கூடப் போட்ட தேத்தண்ணி குடித்துவிட்டு மேலே வந்தேன்.

“என்ன, சண்டை வெற்றியோ?” என்று இவர் கேட்டார். இவர் என்றால் என் கணவர்.

“ஏழு மணிக்குப் பிறகு அடிக்க மாட்டினமாம்.”

“பிறகென்ன. விடும். பிள்ளையள்தானே.”

பிள்ளைகள்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. இரண்டு வருட வேலை விசாவில் வந்தவர்கள். பாட்டுக்காரி ஒரு கஃபேயில் வேலைக்கு நின்றாள். கிட்டாரும் ட்ரம்மும் அடிக்கிற அண்ணன் தம்பி இரண்டு பேரும் வீடு மாற்றுகிற லொறியில் ஏறி இறங்கினார்கள். நான்காமவன் பேஸ் கிட்டார். அவனுக்கு வீட்டு நினைவு. தாய்க்கு ஃபோன் எடுத்தபடி வெளிப்படியில் எந்நேரமும் குந்தியிருப்பான்.

அவர்களுடைய பாட்டில் எங்களுக்கு மேலே வந்தது பேஸ் மட்டும்தான். பாட்டுக்காரியின் குரல் கூரையைத் தாண்டி வராது, கிட்டார் அரைகுறையாக வரும். ஆனால் பேஸ், அந்த நாலு கம்பி, தரையால் ஏறிக் காலில் பிடிக்கும். குசினியில் நின்றால் கறிச்சட்டி மூடி நடுங்கும். மகளின் அறை அவர்கள் பயிற்சி செய்கிற அறைக்கு நேர் மேலே இருந்தது. ஒருநாள் உடுப்பு மடித்து வைக்கப் போனபோது, அவள் தரையில் குப்புறக் கிடந்து காதைப் பலகையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, தலையிடியோ?”

“ஸ்ஸ்... கேக்கிறன் அம்மா.”

ஏழு வருடம் வயலின் வகுப்புக்குப் பனியிலும் குளிரிலும் இழுத்துக்கொண்டு போன பிள்ளை. கோயில் விழாவில் இரண்டு தரம் வாசித்துவிட்டு, பதினாறு வயதில் பெட்டியை மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். இப்போது பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்துக்கொண்டு, எங்கேயோ பழசாக ஒரு பேஸ் கிட்டாரும் வாங்கி வைத்திருந்தாள். அதை நான் அலுமாரிக்குள் கண்டுபிடித்தபோது, “வயலினிலயும் நாலு கம்பி, இதிலயும் நாலு கம்பி. அதை விட்டுட்டு இதுக்கென்ன?” என்று கேட்டேன். அவள் அதைத் திரும்பவும் அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

தை மாதத்துக் குளிரில் பேஸ்காரப் பெடியன் தாங்க மாட்டாமல் ஊருக்கு ஓடிவிட்டான். அடுத்த நாள் என் மகள் தன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள். உங்கள் பாட்டு எல்லாவற்றுக்கும் எனக்கு பேஸ் தெரியும் என்று சொன்னாளாம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் சிரித்தார்களாம். ஒரு பாட்டை வாசித்தாளாம். இரண்டாவதையும் வாசித்தாளாம். ஆறு மாதம் தரையில் கிடந்து படித்தவள் அல்லவா, பதினொரு பாட்டும் விரலில் இருந்தது. சாப்பிடக் கூப்பிட நான் கீழே போன நேரம் மூன்று பேரும் அவளைச் சுற்றி நின்றார்கள். அன்றைக்கு என் வீட்டு மேசையில் நான்கு பேர் இருந்து புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தின்றார்கள். உறைப்பில் தம்பிக்காரனுக்குக் கண்ணீர் ஓடியது. இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு இவர்தான் அவர்களுக்கு வான் சாரதி. இவர் ஒரு தமிழ்க் கடைக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை செய்தார். வானுக்குள் எப்போதும் கறிவேப்பிலையும் கருவாடும் மணக்கும். அந்த மணத்துக்குள் ட்ரம்மை ஏற்றினார்கள். முதல் நிகழ்ச்சி லொங்குய்யில், ஒரு சின்ன பாரில். இவர் காதுக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்தார். “இருபத்தைஞ்சு பேர்தான். ஆனா எல்லாரும் கடைசி மட்டும் நிண்டவை,” என்றார். மகளுக்கு முதல் முதல் அவர்கள் வாசிக்கக் கொடுத்த பாட்டு ஒன்று உண்டு. அதன் பேஸை இவர் வானை ஓட்டிக்கொண்டே ஸ்டியரிங்கில் தட்டுவார். சிவப்பு லைட்டில் தட்டுவார், பச்சை விழுந்தபிறகும் தட்டுவார்.

“ரோட்டைப் பார்த்து ஓடுங்கோ” என்பேன்.

“இது அவளின்ர பாட்டு.”

“தெரியும். கையை எடுங்கோ.”

நான் ஒரு நிகழ்ச்சிக்கும் போகவில்லை. தலையிடி என்றேன், அடுத்தநாள் வேலை என்றேன். உண்மை வேறு. எனக்கு வெட்கம். அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம் இவரின் சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போனால், “பிள்ளை இப்ப என்ன செய்யுது?” என்று நாலு பேர் கேட்பார்கள். டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளின் தாய்மார் அவர்கள். “படிக்கிறாள், சும்மா பொழுதுபோக்குக்கு மியூசிக்கும் செய்யிறாள்” என்பேன். அவள் படிப்பைப் பாதியில் விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அவர்களுடைய பாட்டொன்றை அயர்லாந்து வானொலியில் திரும்பத் திரும்பப் போட்டார்களாம். கடல் தாண்டிப் போன பிள்ளைகள் அங்கே பெயர் எடுத்துவிட்டார்கள் என்று அவர்களுடைய ஊர்ப் பத்திரிகையில் படத்தோடு எழுதினார்கள். படத்தில் என் மகள் ஓரத்தில் நின்றாள். அடுத்த படத்தில் நடுவில் நின்றாள். இவர் அதை வெட்டி வானில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒட்டினார். கோடையில் ஆறு கிழமை அயர்லாந்தில் ஊர் ஊராக வாசிக்கக் கூப்பிட்டார்கள். ஐந்தாம் கிழமை சனிக்கிழமை, டப்ளினுக்கு வெளியே ஒரு பெரிய இசைவிழா. அதில் பெரிய மேடை. அந்த மேடை கிடைத்தால் பிறகு பின்னால் பார்க்கத் தேவையில்லை என்று மகள் சொன்னாள்.

அவளை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டது இவர்தான். எங்கள் வீட்டில் அது இவருடைய வேலை. ஏற்றுவதும் இவர், இறக்கிக்கொண்டு வருவதும் இவர். நான் போனால் அழுது ஊரைக் கூட்டுவேன் என்று என்னைக் கூட்டிப்போக மாட்டார்.

அவள் போய் நான்காம் கிழமை, வியாழக்கிழமை காலை, கடைக்குப் பின்னால் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது இவர் விழுந்தார். பாரிசவாதம். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போன நேரம் வலப்பக்கம் முழுக்க விளங்கவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. நினைவு இருந்தது. என்னைத் தெரிந்தது. டொக்டர், பொறுத்துப் பார்ப்போம், இன்னொரு தரம் வராவிட்டால் தேறலாம் என்றார்.

லொங்குய்யிலிருந்து இவரின் தங்கை, என் மச்சாள், மெட்ரோ பிடித்து வந்து சேர்ந்தாள். இருவரும் வெளியே தாழ்வாரத்தில் போட்டிருந்த வாங்கில் இருந்தோம். “பிள்ளைக்குச் சொல்லுவமோ?” என்று அவள் கேட்டாள்.

“வேண்டாம். அந்தச் சனிக்கிழமை முடியட்டும். பேந்து சொல்லுவம்,” என்றேன்.

மச்சாள் தலையாட்டினாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு அதில் விளக்கம் தேவையில்லை. சோதனை எழுதுகிற பிள்ளைக்குச் சாவைச் சொல்ல மாட்டோம். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்குச் சொல்ல மாட்டோம். தூரதேசத்தில் தனியாக இருப்பவனுக்குச் சொல்ல மாட்டோம். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும், உரியவருக்கு மட்டும் தெரியாது. அன்பு என்றுதான் அதை நினைத்திருக்கிறோம்.

அந்த அன்பு எப்படிச் சுடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் என்னைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பிடிபடாத விஷயம். இந்த மகள் என் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் என்னைப் பெற்ற ஐயா செத்துப்போனார். அண்ணை எனக்கு மறைத்தார். ஃபோன் எடுக்கிறபோதெல்லாம் “ஐயா கோயிலுக்குப் போட்டார்” என்றார்கள். பிள்ளை பிறந்த பிறகு வந்த கடிதத்தோடு ஒரு படம் இருந்தது. ஐயாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அதைப் பார்த்தேன். என் பிள்ளைக்கு ஒருநாளும் இப்படிச் செய்ய மாட்டேன் என்று அன்றைக்குச் சத்தியம் பண்ணினேன். அண்ணையோடு இரண்டு வருடம் கதைக்கவில்லை.

அப்படிப்பட்டவள்தான், வாங்கில் இருந்து, யோசிக்காமல், “வேண்டாம்” என்றேன்.

மகள் நாளாந்தம் ஃபோன் எடுப்பாள். அங்கே நிகழ்ச்சி முடிகிற நேரம் இங்கே பின்னேரம் ஆறு, ஆறரை. நான் இவரின் அறையைவிட்டு வெளியே ஓடி, தாழ்வாரத்துக் கடைசியில், கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் நின்று கதைப்பேன். ஒலிபெருக்கியில் யாரோ டொக்டரைக் கூப்பிட்டுவிடக்கூடாதே என்று ஃபோனைக் கையால் பொத்திப் பிடிப்பேன்.

“ஏன் கமரா போடேல்லை?”

“ஃபோன் விழுந்திட்டுது பிள்ளை. கமரா பழுது.”

“அப்பா எங்க?”

“அப்பா நித்திரை.”

“இந்த நேரத்திலயோ?”

“இண்டைக்கு வேலை கூட.”

அடுத்த நாள் அப்பா குளிக்கிறார். அதற்கடுத்த நாள் அப்பா வான் கழுவுகிறார். ஒருநாள் அப்பா தமிழ்க்கடைக்காரரோடு கதைத்துக்கொண்டு நிற்கிறார். பிறகு திரும்பவும் நித்திரை. பச்சைப் பொய்கள். எனக்கு இவ்வளவு நன்றாகப் பொய் சொல்லத் தெரியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கோயிலில் ஐயரிலிருந்து சமையல் செய்கிறவர் வரை எல்லாருக்கும் தெரியும். யாரும் முகநூலில் போடக்கூடாது, பிள்ளைகளுக்கு மூச்சு விடக்கூடாது என்று மச்சாள் வீடு வீடாகச் சொல்லி வைத்தாள். ஒருவர்கூட வாய் தவறவில்லை.

ஐந்தாம் நாள் மகள் அங்கே பாட்டுக்காரியின் தாய் வீட்டில் நின்றாள். “அம்மா, இஞ்ச ஒரு விசயம் தெரியுமே?” என்றாள். “விடிய ரேடியோவில அந்தப் பக்கத்தில ஆர் ஆர் செத்ததெண்டு பேர் பேரா வாசிக்கினம். எல்லாரும் தேத்தண்ணியை வைச்சிட்டுக் கேக்கினம். தெரிஞ்ச ஆளெண்டா உடனே வெளிக்கிட்டுப் போயிடுவினம். ஒருத்தருக்கும் ஒளிக்கிறேல்லை. எனக்கு அது பிடிச்சிருக்கு.”

நான் கோப்பி மெசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “ஓம், எங்கட ஊர் ரேடியோவிலயும் முந்தி வாசிக்கிறவை,” என்றேன்.  பால் பொங்குது என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என்ன பால்.

இது ஒரு பக்கத்துப் பொய். மற்றப் பக்கத்தில் சொன்னதை மச்சாளுக்கும் நான் சொல்லவில்லை.

இவர் கேட்டார். நாள் தவறாமல் கேட்டார். வாய் கோணி, நாக்குப் புரளாமல், “பிள்... ளை?” என்பார். கண்ணால் என் கைப்பையைக் காட்டுவார், ஃபோன் அதுக்குள் என்று தெரியும். அந்தக் குரலை அவள் கேட்டால் அடுத்த பிளேனில் ஏறிவிடுவாள். கேட்காமல் விட்டால் மேடை ஏறுவாள். அவ்வளவுதான் என் கணக்கு. நாலு கம்பி என்று நக்கல் அடித்தவள், ஒரு நிகழ்ச்சிக்கும் போகாதவள், இப்போது அந்த மேடைக்குக் காவல் நின்றேன். ஒருமுறையாவது அவளுடைய பாட்டுக்கு நான் ஏதாவது செய்தேன் என்று இருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

“பிள்ளை பிஸி,” என்றேன் இவருக்கு. “சனிக்கிழமைப் பெரிய நிகழ்ச்சி எல்லே. பழகிக்கொண்டிருக்கினமாம். நேரமில்லையாம். பேந்து எடுக்கிறாளாம்.”

எட்டு நாளும் அதையே சொன்னேன். முதல் இரண்டு நாள் தலையாட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிவிடுவார்.

விளங்குகிற இடக்கையால் கட்டில் கம்பியில் தட்டிக்கொண்டிருப்பார். மூன்று தட்டு, ஒரு சின்ன நிறுத்தம், இரண்டு தட்டு. பிறகு திரும்பவும் மூன்று. மணிக்கணக்காகத் தட்டுவார். அந்தக் கையில்தான் சேலைன் ஏற்றியிருந்தது. வலிப்பு வருகுதாக்கும் என்று பயந்து நேர்சைக் கூப்பிட்டேன். அவ பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றா. இருந்தாலும் நான் அந்தக் கையைப் பிடித்து மெத்தையில் அமத்தினேன். “சும்மா கிடவுங்கோ. ஊசி கழண்டிடும்.” விட்டால் திரும்பவும் தட்டினார். திரும்பவும் அமத்தினேன். இப்படி எத்தனை தரம் என்று எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, இரண்டாம் தரம் வந்தது. நான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அழுது முடிய மச்சாள் மெதுவாகக் கேட்டாள். “இப்ப சொல்லுவமோ?”

“ஒரு நாள்தானே. நாளைக்கு மேடை,” என்றேன். இவரின் உடலைக் குளிரில் வைக்கச் சொல்லிக் கையெழுத்து வைத்தேன். மரண அறிவித்தலை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எங்கேயும் போட வேண்டாம் என்றேன். ஊரில் எந்தச் சனம் செத்தாலும் படத்தோடு அறிவித்தல் போடுகிற ஆட்கள் நாங்கள். இவருக்கு இரண்டு நாள் அதுவும் இல்லை.

சனிக்கிழமை மேடைக்கு ஏறமுன்னம் அவள் எடுத்தாள். பின்னால் பெரிய இரைச்சல். நான் கேட்டேன், என்ன உடுப்புப் போட்டிருக்கிறாய், எவ்வளவு சனம், சாப்பிட்டியோ, எந்தப் பாட்டு முதல் பாட்டு. ஒருநாளும் கேட்காத கேள்விகளெல்லாம் கேட்டேன். அவளுக்குச் சந்தோசம். குரலில் தெரிந்தது.

“முதல் பாட்டு அப்பான்ர பாட்டுத்தான். ஸ்டியரிங்கில தட்டுவாரே, அது. அவரிட்ட ஒரு நிமிசம் குடுங்கோவன்.”

“அப்பா கோயிலுக்குப் போட்டார் பிள்ளை.”

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அண்ணை எனக்குச் சொன்ன அதே வசனம்.

மச்சாளின் மகன் அந்த மேடையை நேரடியாகக் காட்டுகிற இடத்தைத் தன் ஃபோனில் எடுத்துத் தந்தான். மூன்று பேரும் தலையை ஒட்டவைத்துப் பார்த்தோம். சனம் கடல் மாதிரி நின்றது. பாட்டுக்காரியின் குரல் கேட்டது, கிட்டார் கேட்டது. என் மகளின் விரல்கள் ஓடுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. சின்ன ஃபோனில் பேஸ் கேட்காதாம், பெடியன் சொன்னான். தரையைத் துளைத்துக்கொண்டு வந்த சத்தம் அது. அன்றைக்கு ஒரு துளியும் எனக்கு வரவில்லை. பாட்டு முடிய அவள் தலையை நிமிர்த்திச் சிரித்தாள். அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, “அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமை, வெளிக்கிட்டு வா” என்றேன். உண்மையைப் பாதி சொன்னால் வரும் வழியில் தாங்குவாள் என்பது எங்கள் வழக்கம்.

விமான நிலையத்துக்கு நாங்கள் ஐந்து பேர் போனோம். நான், மச்சாள், அவளின் கணவர், கோயிலிலிருந்து இரண்டு பேர். அவள் மயங்கி விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டுமே என்று. கதவு திறந்து வெளியே வந்தவள் எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். ஒருவர் வந்து கூட்டிப்போகிற இடத்தில் ஐந்து பேர். அந்த ஒருவரைக் காணவில்லை. யாரும் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் அழவும் இல்லை.

“எப்ப?” என்றாள்.

“வெள்ளிக்கிழமை, பிள்ளை.”

அவள் விரல் விட்டு எண்ணவில்லை. ஆனால் எண்ணியது முகத்தில் தெரிந்தது. “நான் அந்த மேடையில சிரிச்சனான் அம்மா,” என்றாள். “செத்த வீட்டில சிரிக்க வைச்சிட்டியள் என்னை.”

வானுக்குள் ஏறிய பிறகு கேட்டாள். “என்னைக் கேட்டவரோ?”

“இல்லை. நினைவே இல்லைப் பிள்ளை. விழுந்ததோட சரி.”

கீழ்வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் அடுத்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கைவிட்டுவிட்டு வந்து சேர்ந்தார்கள். பிரேதம் பார்க்க வந்த எங்கள் சனத்தில் ஒருவரையும் விடாமல் கை கொடுத்து, உங்கள் துயரத்துக்கு வருந்துகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார்கள். கை கொடுத்துப் பழக்கமில்லாத எங்கள் கிழவிமார் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கைகளைக் கும்பிட்டார்கள். கடைசியில் பாட்டுக்காரி என்னிடம் வந்தாள். எங்கள் வீட்டில் என்றால் முதல் மணித்தியாலமே அவளுக்குச் சொல்லியிருப்போம் என்றாள். மேடை திரும்பவும் வரும் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அவள்மேல் அவ்வளவு கோபம் வந்தது. உங்களுக்கென்ன தெரியும் எங்களைப் பற்றி என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்திருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து மூன்றாம் நாள் மகள் அவர்களோடு போய்விட்டாள். பாட்டுக்காரி சொன்ன மாதிரி மேடை திரும்பவும் வந்தது. அதைவிடப் பெரிய மேடைகள் வந்தன. இப்போது அவர்கள் வாசிக்கிற மண்டபங்களின் படத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் தாய்மாருடைய பிள்ளைகள் டிக்கெட் கிடைக்குமா என்று என்னைக் கேட்கிறார்கள். கீழ்வீட்டில் இப்போது ஒரு வயதான தம்பதி. மூச்சுச் சத்தம்கூட மேலே வராது.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பாள். ஐந்து நிமிடம்.

“சுகமோ அம்மா?”

“ஓம், சுகம்.”

“கமராவைப் போடுங்கோ.”

போடுவேன். முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு மச்சாளுக்கு எடுத்து, அம்மா உண்மையாச் சுகமோ என்று கேட்பாளாம். எனக்குத் தடிமன் என்றால்கூட நம்ப மாட்டாள், இல்லை என்றாலும் நம்ப மாட்டாள். பெற்ற பிள்ளை நம் சொல்லை இன்னொருவரிடம் விசாரிப்பதை அனுபவித்தவளுக்குத்தான் தெரியும்.

போன மாதம் இவருக்கு ஒரு வருடம் முடிந்து ஆட்டைத் திவசம். அவள் தனியாக வந்தாள். விடியக் குளித்துவிட்டு, கேட்காமலே குசினிக்கு வந்து பூசணிக்காய் வெட்டத் தொடங்கினாள். நான் எதிரில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன்.  

“ஒரு விதத்தில நல்லதம்மா,” என்றாள் திடீரென்று, தலையை நிமிர்த்தாமல். “அப்பாவுக்கு நினைவில்லாமல் போனது. இல்லாட்டி என்னைத் தேடியிருப்பார்.”

அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வருடம் மேடை ஏறியிருக்கிறாள். விட்டுவிடலாம், அப்படியே இருக்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது. நான் சாகுமட்டும் என் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அவளுக்கு நல்லதுதானே. ‘அவளுக்கு நல்லதுதானே’ என்று நினைத்த அந்த இடத்தில்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. வாங்கில் இருந்து மச்சாளுக்குச் சொன்ன நாளிலும் இதைத்தான் நினைத்தேன்.

“நினைவு இருந்தது,” என்றேன். “கடைசி மட்டும் இருந்தது. ஒவ்வொரு நாளும் உன்னைக் கேட்டவர்.”

கத்தி நின்றது.

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“நீ பிஸி எண்டனான். நேரமில்லையாம் எண்டனான். எட்டு நாளும்.”

அவள் என்னைப் பார்த்தாள். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். “நான் ஒவ்வொரு நாளும் எடுத்தனான் அம்மா,” என்றாள், சின்னப் பிள்ளையின் குரலில். “ஒவ்வொரு நாளும் கேட்டனான்.”

“ஓம். நான்தான் ரெண்டு பேருக்கும் நடுவில நிண்டனான்.”

 அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து மணந்தது. எழும்பி நிறுத்தினேன். எழும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

“வேற? வேற என்ன சொன்னவர்?”

“கதைக்கேலாது பிள்ளை. கையால தட்டிக்கொண்டே கிடந்தவர். நான் விடேல்லை. ஊசி கழண்டிடுமெண்டு கையை அமத்திப் பிடிச்சனான்.”

“எப்பிடித் தட்டினவர்?”

எட்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தது. மறக்குமா? இடக்கையை மேசையில் வைத்துத் தட்டிக் காட்டினேன். மூன்று தட்டு. சின்ன நிறுத்தம். இரண்டு தட்டு. திரும்பவும் மூன்று. இரண்டாம் சுற்றில் அவளுடைய வலக்கை விரல்கள், பூசணிச் சாறு ஒட்டியபடி, மடியில் என்னோடு சேர்ந்து அசைந்தன. மூன்றாம் சுற்றில் என்னை முந்தி அவை அடுத்த இடத்துக்குப் போய்விட்டன. அப்போதுதான், அந்த வினாடியில்தான், நான் எதை அமத்திப் பிடித்தேன் என்று எனக்கு விளங்கியது. வானில் பக்கத்தில் இருந்து மாதக்கணக்காக ஏசிய தாளம். ஒருமுறையாவது காது கொடுத்திருந்தால் ஆஸ்பத்திரியில் பிடிபட்டிருக்கும்.

 கையை மேசையிலிருந்து எடுக்கப் போனேன்.

“நிப்பாட்டாதேங்கோ,” என்றாள்.

நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.